நெருக்கத்தை அளக்கும் ஒளி

பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளி கண்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் எனப் பல ஊர்களை வளப்படுத்திக் கடலோடு கலக்கிறது தாமிரபரணி. அதன் இரு கரைகளிலும் கார் நெல்லும் பிசான நெல்லும் மாறி மாறி விளைகின்றன. அந்த வயல்களின் பசுமையை நாம் அன்றாடம் காண்கிறோம். ஆனால் அப்பசுமைக்குள் நிகழும் ஒரு கைமாற்றத்தை நம் கண்கள் காண்பதில்லை. இலையின் மீது விழும் கதிரொளியின் ஆற்றலை ஒரு பச்சைய மூலக்கூறு பெற்றுத் தன் அண்டை மூலக்கூறுக்கு வழங்குகிறது. அது தன் அண்டைக்கு வழங்குகிறது. இவ்வாறு கைமாறிச் செல்லும் ஆற்றலே இறுதியில் உணவாக மாறும் பணியைத் தொடங்கி வைக்கிறது.

இயற்கை பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் இந்தக் கைமாற்றத்தை, இருபதாம் நூற்றாண்டின் அறிவியலார் ஓர் அளவுகோலாக மாற்றினர். உயிரணுவுக்குள் இரண்டு புரதங்கள் உண்மையிலேயே ஒன்றையொன்று நெருங்கியுள்ளனவா என்பதை அறிய அந்த அளவுகோல் உதவுகிறது. அது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது, அதன் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரதங்களின் உறவு

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் மீனும் நம் நினைவுக்கு வரும். உணவில் நாம் பெறும் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றைக் கொண்டு நம் உடல் தனக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களைக் கட்டிக்கொள்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை தனித்து இயங்குவன அல்ல. ஒரு புரதம் மற்றொன்றோடு சேரும். சேர்ந்த பின் பிரியும். அந்தச் சேர்க்கையும் பிரிவுமே உயிரணுவின் செயல்கள் பலவற்றை நடத்துகின்றன.

நம் வீடுகளில் அறிமுகமான சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்வோம். இன்சுலின் என்பது ஒரு சிறிய புரதம். அது குருதியில் மிதந்து திரிவதால் மட்டும் பயனில்லை. தசை, கொழுப்பு ஆகிய திசுக்களின் உயிரணுப் பரப்பில் உள்ள ஏற்புப் புரதத்தோடு அது இணைய வேண்டும். இணைந்தால்தான் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும் செய்தி உயிரணுவுக்குள் செல்லும். புற்றுநோய் ஆய்விலும் இத்தகைய உறவுகள் உண்டு. பி53 என்னும் புரதம் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கிறது, எம்.டி.எம்.2 என்னும் மற்றொரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு அடக்குகிறது. இவ்விரண்டையும் பிரிக்கவல்ல மருந்து எது என்பது ஆய்வாளர் பலர் தேடிவரும் வினா. ஆகவே, ‘இவை இரண்டும் சேர்ந்திருக்கின்றனவா?’ என்னும் கேள்வி வெறும் ஆர்வத்தால் எழுவதன்று. நோய்க்கும் மருந்துக்கும் இடையே நிற்கும் கேள்வி அது.

நுண்ணோக்கியின் எல்லை

இதனை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிடலாமே என்று மாணவர் கேட்கலாம். அங்கேதான் ஒரு தடை இருக்கிறது. ஒளி அலையாகப் பரவுவதால், மிக நெருங்கிய இரு புள்ளிகளை வழக்கமான ஒளி நுண்ணோக்கியால் தனித்தனியே காட்ட இயலாது. 1873ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் அபே இந்த எல்லையை விளக்கினார். அது ஏறத்தாழ 200 நானோமீட்டர் ஆகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். நடுத்தர அளவுள்ள புரதம் ஒன்றின் குறுக்களவு 5 நானோமீட்டர் அளவில் இருக்கும். நுண்ணோக்கி ஒரே புள்ளியாகக் காட்டும் இடத்தில், வரிசையாக நிறுத்தினால் 40 புரதங்கள் நிற்கலாம்.

பத்தமடைக் கோரைப் பாயைத் தொலைவிலிருந்து பார்த்தால் சிவப்பும் பச்சையும் கலந்த ஒரு பட்டை மட்டும் தெரியும். எந்தக் கோரை எதன் மேலும் கீழும் சென்று பின்னியுள்ளது, எவை வெறுமனே அருகருகே கிடக்கின்றன என்பது தெரியாது. நுண்ணோக்கியின் நிலையும் அதுவே. ஒரு புரதத்துக்குப் பச்சை நிறமும் மற்றொன்றுக்குச் சிவப்பு நிறமும் ஊட்டினால், இரண்டும் ஓரிடத்தில் இருக்கும்போது மஞ்சள் புள்ளி ஒன்று தோன்றும். இரண்டும் ஒரே தெருவில் உள்ளன என்பதை அது சொல்லும். இரண்டும் பேசிக்கொள்கின்றனவா என்பதைச் சொல்லாது. ஓரிடத்தில் இருப்பது வேறு, உறவு கொண்டிருப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியவே நம் அளவுகோல் தேவைப்பட்டது.

உடனொளிர்வு என்பது யாது?

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உறிஞ்சி, சற்றே ஆற்றல் குறைந்த வேறு நிற ஒளியை உமிழ்கின்றன. இதனை உடனொளிர்வு என்பர். ஃப்ளோரசென்ஸ் என்னும் பெயரும் மாணவர் அறிந்ததே. கடைகளில் ரூபாய் நோட்டைப் புறஊதா விளக்கின் கீழ்க் காட்டும்போது அதன் எண்களும் இழைகளும் ஒளிர்வது இதனால்தான். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனின் கரைசல் வெயிலில் நீலமாக ஒளிர்வதை 1845இல் ஜான் ஹெர்ஷல் எடுத்துரைத்தார். 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதன் இயல்பை விளக்கி, இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரையும் சூட்டினார்.

ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு கிளர்ச்சி நிலையை அடைகிறது. அந்நிலையில் அது பெரும்பாலும் சில நானோநொடிகளே இருக்கும். நானோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் அது தன் மிகை ஆற்றலை ஒளியாகவோ வெப்பமாகவோ வெளியிட்டு அமைதி நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அதற்கு மூன்றாவது வழியொன்றும் உண்டு. ஏற்றுக்கொள்ளத் தக்க அண்டை மூலக்கூறு மிக அருகில் இருந்தால், ஒளியாக உமிழாமலேயே தன் ஆற்றலை நேரே அதற்கு வழங்கிவிடலாம். வழங்குவதை ‘வழங்கி’ என்றும் பெறுவதை ‘ஏற்பி’ என்றும் கூறுவோம்.

ஒத்ததிர்வும் ஒளியும்

தம்புராவில் ஒரே சுருதியில் சேர்த்த இரு தந்திகளுள் ஒன்றை மீட்டினால் மற்றொன்றும் அதிர்கிறது. இதனை இயற்பியலார் ஒத்ததிர்வு என்பர். சுருதி சேராத தந்தி அவ்வாறு அதிர்வதில்லை. மூலக்கூறுகளிலும் இதை ஒத்த நிபந்தனை உண்டு. வழங்கி உமிழக்கூடிய நிறமாலையும் ஏற்பி உறிஞ்சக்கூடிய நிறமாலையும் ஓரளவேனும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அத்துடன் இரண்டும் மிக நெருங்கி இருக்க வேண்டும்; அவற்றின் திசையமைப்பும் பொருந்த வேண்டும். உவமை இவ்வளவில் நிற்கும். தந்திகளுக்கிடையே காற்றும் மரமும் அதிர்வைச் சுமந்து செல்கின்றன. மூலக்கூறுகளுக்கிடையே அவ்வாறு சுமப்பது எதுவுமில்லை. ஒளித்துகளும் இடையில் பயணம் செய்வதில்லை. இரண்டின் மின்புலங்களும் ஒன்றையொன்று உணர்வதாலேயே ஆற்றல் கைமாறுகிறது.

இதன் கணக்கை வகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஃபோர்ஸ்டர் (1910–1974). இவர்தம் சிந்தனையைத் தூண்டியவற்றுள் ஒன்று பச்சை இலையின் புதிர். 1932இல் இராபர்ட் எமர்சன், வில்லியம் ஆர்னால்டு ஆகிய இருவரும் குளோரெல்லா என்னும் பாசியின் மீது நொடிப்பொழுது ஒளி பாய்ச்சிச் சோதனை செய்தனர். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிப்பட ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் கூட்டாக இயங்குவதாக அவர்கள் கண்டனர். அத்தனை மூலக்கூறுகள் பெற்ற ஒளி ஓரிடத்துக்கு வந்து சேர்வது எப்படி? இவ்வினாவைக் கருத்திற்கொண்டு 1946லும் 1948லும் ஃபோர்ஸ்டர் தம் கோட்பாட்டை வெளியிட்டார். அவர் பெயராலேயே இம்முறை ‘ஃபோர்ஸ்டர் ஒத்ததிர்வு ஆற்றல் மாற்றம்’ எனப்படுகிறது. ஆய்வகங்களில் இதனைச் சுருக்கமாக ‘ஃப்ரெட்’ என்பர். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த நெல் இரகங்களின் இலையிலும், குளத்துப் பாசியிலும் நிகழ்வது இதே வகைக் கைமாற்றமே.

ஆறாம் அடுக்கின் ஆற்றல்

இம்முறையின் உயிர்நாடி, தொலைவு மிகச் சிறிது மாறினாலும் கைமாறும் ஆற்றல் பெரிதும் மாறுகிறது என்பதே. கைமாறும் வேகம் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. தொலைவு இருமடங்கானால் வேகம் 64இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஒவ்வொரு வழங்கி–ஏற்பி இணைக்கும், பாதியளவு ஆற்றல் கைமாறும் தொலைவு ஒன்று உண்டு. அதனை ஃபோர்ஸ்டர் தொலைவு என்பர். பொதுவாக அது 2 முதல் 6 நானோமீட்டர் வரை இருக்கும். ஓர் இணைக்கு அது 5 நானோமீட்டர் எனக் கொள்வோம். இரண்டும் 5 நானோமீட்டர் தொலைவில் இருந்தால் நூற்றுக்கு 50 பங்கு ஆற்றல் கைமாறும். 4 நானோமீட்டரில் 79 பங்கும், 6 நானோமீட்டரில் 25 பங்கும் கைமாறும். 10 நானோமீட்டர் ஆகிவிட்டால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே மிஞ்சும். புரதங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் அளவும் இந்த எல்லைக்குள்ளேயே அமைவது நமக்குக் கிடைத்த நற்பேறு எனலாம். நுண்ணோக்கி கைவிடும் இடத்தில் இந்த அளவுகோல் தன் பணியைத் தொடங்குகிறது.

அளவுகோலும் சென்னையும்

ஒரு கோட்பாடு எவ்வளவு அழகாயிருப்பினும் சோதித்தே ஏற்க வேண்டும். அதற்கு, தெரிந்த நீளங்களில் சிறு கோல்கள் தேவை. 1967இல் அமெரிக்காவில் லூபர்ட் ஸ்ட்ரையர், ரிச்சர்டு ஹாக்லண்ட் ஆகிய இருவரும் பாலிபுரோலின் என்னும் சங்கிலியைத் தேர்ந்தெடுத்தனர். அது புரோலின் என்னும் ஒரே அமினோ அமிலத்தாலான, எளிதில் வளையாத திருகுச் சங்கிலி. ஒன்று முதல் 12 புரோலின் அலகுகள் வரை கொண்ட கோல்களின் ஒரு முனையில் வழங்கியையும் மறுமுனையில் ஏற்பியையும் அவர்கள் பொருத்தினர். தொலைவு 1.2 நானோமீட்டரிலிருந்து 4.6 நானோமீட்டர் வரை கூடக்கூட, கைமாறும் ஆற்றல் நூற்றுக்கு நூறிலிருந்து 16 பங்காகக் குறைந்தது. கணக்கிட்டபோது அடுக்கு எண் 5.9 என வந்தது. கோட்பாடு சொன்ன ஆறுக்கு அது மிக அருகில் உள்ளது. தம் கட்டுரையில் இம்முறையை ‘நிறமாலை அளவுகோல்’ என்று அவர்கள் அழைத்தனர்.

இக்கோலின் நீளம் முன்பே தெரிந்திருந்ததால்தான் சோதனை கைகூடியது. அந்த அறிவுக்குத் தமிழகத்தின் பங்கும் உண்டு. பாலிபுரோலின் திருகு வடிவத்தை 1955இல் கோவன், மக்காவின் ஆகியோர் எடுத்துரைத்தனர். 1959இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வி. சசிசேகரன் அதே வடிவத்தை எக்ஸ் கதிர் ஆய்வால் ஆராய்ந்து வெளியிட்டார். அவர் பணியாற்றியது ஜி. என். இராமச்சந்திரன் தலைமையிலான துறையில். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று திருகு இழைகளால் ஆனது என 1954, 1955ஆம் ஆண்டுகளில் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்மொழிந்ததும் அங்கேதான். கொலாஜனின் ஒவ்வோர் இழையும் பாலிபுரோலினைப் போன்றே திருகியிருக்கும். புரதங்களின் வடிவ வரம்பைக் காட்டும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ 1963இல் சி. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து அவர் உலகுக்கு வழங்கியது. நம் மண்ணில் நடந்த அடிப்படை ஆய்வு, வேறொரு நாட்டில் உருவான அளவுகோலுக்குத் துணைநின்றது என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆய்வகத்தில் அளக்கும் முறை

உயிருள்ள அணுவில் புரதங்களுக்கு நிறமூட்டுவது எவ்வாறு? இதற்கு வழிகாட்டியது ஓர் இழுதுமீன், அதாவது சொறிமீன். 1962இல் ஒசாமு ஷிமோமுரா அதிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அந்த உயிரியிலும் ஒரு புரதம் தன் ஆற்றலை மற்றொன்றுக்கு வழங்கியே பச்சை ஒளி பிறக்கிறது என்பது வியப்புக்குரியது. 1994இல் மார்ட்டின் சால்ஃபி அப்புரதத்தின் மரபணுவைப் பிற உயிரிகளிலும் செயற்படச் செய்தார். ரோஜர் சியன் அதற்குப் பல நிற வடிவங்கள் தந்தார். இம்மூவரும் 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்போது ஒரு புரதத்தோடு நீலப்பச்சையாக ஒளிரும் புரதத்தையும், மற்றொன்றோடு மஞ்சளாக ஒளிரும் புரதத்தையும் மரபணு வழியாகக் கோத்துவிடலாம். பின்னர் அளக்கும் வழிகள் முக்கியமாக மூன்று. முதலாவது, வழங்கிக்குரிய ஒளியை மட்டும் பாய்ச்சி, ஏற்பியின் நிறம் வெளிப்படுகிறதா எனக் காண்பது. இரண்டாவது, ஏற்பியைக் கடும் ஒளியால் வெளுக்கச் செய்து, அதன் பின் வழங்கியின் ஒளி கூடுகிறதா எனக் காண்பது. வாங்குவார் இல்லாமற் போனால் வழங்கி தன் ஆற்றலைத் தானே ஒளியாக வெளியிடும் அல்லவா? மூன்றாவது, வழங்கியின் கிளர்ச்சி நிலை எத்தனை நானோநொடி நீடிக்கிறது என்று அளப்பது. தனித்திருக்கும்போது 2.5 நானோநொடி நீடிப்பது, ஏற்பி அருகிருக்கும்போது 2 நானோநொடியாகக் குறைந்தால், நூற்றுக்கு 20 பங்கு ஆற்றல் கைமாறியது எனக் கணக்கிடலாம்.

ஐயுற்று ஆராய்தல்

அளவுகோல் நல்லதாயினும் அளப்பவர் விழிப்போடு இருத்தல் வேண்டும். வழங்கியின் ஒளி சிறிது ஏற்பிக்குரிய வடிகட்டியினூடே கசியலாம். வழங்கிக்கெனப் பாய்ச்சிய ஒளியை ஏற்பியே நேராக உறிஞ்சவும் கூடும். இவ்விரண்டையும் கழிக்காமல் விட்டால் இல்லாத உறவு இருப்பதாகத் தோன்றும். அணுவுக்குள் புரதங்களை அளவுக்கு மீறி உண்டாக்கினால், சந்தை நெரிசலில் முன்பின் அறியாதவரும் உரசிக்கொள்வது போல அவையும் தற்செயலாக நெருங்கும். எனவே உறவில்லை என்று உறுதியாகத் தெரிந்த இணை ஒன்றையும், செயற்கையாகவே பிணைத்த இணை ஒன்றையும் உடன்வைத்து ஒப்பிடுவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒளிரும் புரதம் என்பது ஏறத்தாழ 2.4 நானோமீட்டர் விட்டமும் 4.2 நானோமீட்டர் நீளமும் கொண்ட உருளை. ஒளிரும் பகுதி அதன் நடுவே உள்ளது. இரண்டு பெரிய புரதங்கள் கைகோத்திருந்தாலும், அவற்றின் எதிரெதிர் முனைகளில் இவ்வுருளைகள் அமைந்துவிட்டால் ஆற்றல் கைமாறாது. ஆதலால் சைகை கிடைக்காமை, உறவு இல்லாமைக்குச் சான்றாகாது.

பெங்களூரில் நடந்த ஆய்வு

இவ்வுண்மைக்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. உயிரணுவின் மேற்படலத்தில் ஜி.பி.ஐ. என்னும் கொழுப்பு நங்கூரத்தால் பொருத்தப்பட்ட புரதங்கள் உள்ளன. அவை தனித்தனியே சிதறி நிற்கின்றனவா, கொத்துக்கொத்தாகக் கூடி நிற்கின்றனவா என்பது அறிவியலாரிடையே பெரும் விவாதமாக இருந்தது. 1998இல் அமெரிக்காவின் ஆன் கென்வொர்தி, மைக்கேல் எடிடின் ஆகியோர் இருவேறு நிறங்களைக் கொண்டு ஃப்ரெட் முறையில் ஆராய்ந்தனர். கிடைத்த அளவுகள் புரதங்கள் சிதறி நிற்பதோடு ஒத்துப்போயின.

அதே ஆண்டில் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ரஜத் வர்மாவும் சத்யஜித் மேயரும் வேறொரு வழியை மேற்கொண்டனர். இருநிறங்களுக்கு மாறாக ஒரே நிறத்தையே அவர்கள் பயன்படுத்தினர். ஒரு திசையில் மட்டும் அதிரும் தளவிளைவுற்ற ஒளியைப் பாய்ச்சினால், திரும்பி வரும் ஒளியும் அத்திசையை ஓரளவு காக்கும். ஆற்றல் தன்னையொத்த அண்டைக்குக் கைமாறினாலோ, அண்டையின் திசை வேறாதலால் அந்த ஒழுங்கு குலையும். அக்குலைவை அளந்தபோது, படலத்தில் புரதங்களின் அடர்த்தி மாறினாலும் குலைவு மாறவில்லை. தற்செயல் நெருக்கமாயின் அடர்த்தி குறையக் குறையக் குலைவும் குறைந்திருக்க வேண்டும். ஆகவே அவை கொத்தாக உள்ளன என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

இரு முடிவுகளும் முரண்பட்டது எதனால்? இதற்கு 2004இல் மேயரின் குழு விடை கண்டது. இயற்பியலாளர் மதன் ராவ், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜி. கிருஷ்ணமூர்த்தி முதலியோரும் அவ்வாய்வில் பங்கேற்றனர். நூற்றுக்கு 20 முதல் 40 வரையிலான புரதங்களே கொத்தாக உள்ளன. ஒரு கொத்தில் மிகுதியாகப் போனால் நான்கு மூலக்கூறுகளே இருக்கும். எஞ்சியவை தனித்தே நிற்கின்றன என்று அவர்கள் காட்டினர். இவ்வளவு சிறிய கொத்தில் இருநிறமும் ஒருங்கே அமையும் வாய்ப்பு குறைவு. பெரும்பான்மை தனித்திருப்பதால் அச்சிறு சைகையும் மறைந்துபோகும். முதல் ஆய்வாளர் கண்டதும் பொய்யன்று. கேட்ட கேள்விக்குக் கருவி தந்த விடையின் எல்லையே அது.

நம் ஊரை வந்தடைந்த ஒளி

இவையெல்லாம் பெருநகர ஆய்வகங்களின் செய்திகள். நமக்கென்ன என்று எண்ண வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட ஆய்வகங்களில் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை நடைபெற்றது. அச்சோதனைக்கான தொகுப்புகள் பலவற்றில் பயன்படுவது இத்தத்துவத்தின் ஒரு வடிவமே. ஒரு சிறு டி.என்.ஏ. துண்டின் ஒரு முனையில் ஒளிரும் மூலக்கூறும், மறுமுனையில் அதன் ஆற்றலை வாங்கி ஒளியை அடக்கும் மூலக்கூறும் இருக்கும். துண்டு முழுமையாக உள்ளவரை ஒளி இல்லை. வைரஸின் மரபுப்பொருள் மாதிரியில் இருந்தால், அதன் படி எடுக்கப்படும்போது நொதி இத்துண்டை வெட்டிவிடும். இரண்டும் பிரிந்தவுடன் ஒளி எழும். தம் வீட்டாரின் முடிவுக்காகக் காத்திருந்த பல்லாயிரவர்க்கு விடை சொன்னது, இரு மூலக்கூறுகள் நெருங்கியிருந்தனவா, பிரிந்தனவா என்பதைக் காட்டிய அந்த ஒளியே.

நிறைவாக

இந்த அறிவைப் பெறுவதற்குப் பெருங்கணிதம் வேண்டியதில்லை. ஆறாம் அடுக்கைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். ஒத்ததிர்வு பதினோராம் வகுப்புப் பாடம். வழங்கி, ஏற்பி, உடனொளிர்வு என இவற்றைச் சொல்லத் தமிழில் சொற்களும் உள்ளன. தமிழ்த்துறை மலரில் இத்தகைய பொருளை எழுதுவதற்குக் காரணமும் அதுவே. தமக்கு விளங்கும் மொழியில் ஒருமுறை அடிப்படையைப் புரிந்துகொண்ட மாணவர், பின்னர் எம்மொழி நூலையும் அஞ்சாது கையில் எடுப்பார்.

இம்முறை கற்பிக்கும் மற்றொரு பாடம் ஆய்வகத்துக்கு வெளியிலும் பயன்படும். இரண்டு ஓரிடத்தில் காணப்பட்டன என்பதால் அவற்றிடையே உறவு உண்டு என்று துணிந்துவிடலாகாது. தேடியது அகப்படவில்லை என்பதால் அது இல்லை என்றும் முடிவு கட்டலாகாது. எதைக் கொண்டு அளந்தோம், எதனோடு ஒப்பிட்டோம் என்று கேட்ட பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். நம் மாணவர்கள் இக்கேள்வியைக் கேட்கப் பழகுவார்களாயின், சென்னையிலும் பெங்களூரிலும் நடந்தவை போன்ற ஆய்வுகள் தாமிரபரணிக் கரையிலும் தழைக்கும். அதற்கான நூலகத்தையும் ஆய்வகத்தையும் அவர்களுக்கு அமைத்துத் தருவது ஆசிரியர்களும் சமுதாயப் பெரியோரும் ஒருங்கே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.